அரசு விழிப்புணர்வுக் காணொளி டெண்டர்: நேரடியாகப் போட்டியிடுவதா, வேறு வழி தேடுவதா?

மதுரை, கோயம்புத்தூர், திருநெல்வேலி போன்ற நகரங்களில் ஐந்து பேர், ஆறு பேர் வைத்து நடத்தப்படும் காணொளித் தயாரிப்பு நிறுவனங்கள் இன்று ஏராளமாக உள்ளன. திருமணப் படப்பிடிப்பிலும் நகைக்கடை விளம்பரங்களிலும் தொடங்கிய இந்நிறுவனங்களில் பல, தரமான கேமராவும் திறமையான படத்தொகுப்பாளரும் கைவந்த பிறகு, அரசுத் துறைகள் கோரும் விழிப்புணர்வுக் காணொளிகளின் பக்கம் பார்வையைத் திருப்புகின்றன. மருத்துவம், வேளாண்மை, பேரிடர் மேலாண்மை, சாலைப் பாதுகாப்பு என எல்லாத் துறைகளுக்கும் இத்தகைய காணொளிகள் தேவைப்படுகின்றன. மக்களுக்கு நேரடியாகப் பயன்படும் பணி என்பதால் செய்பவருக்கும் மனநிறைவு உண்டு. இருந்தபோதிலும், டெண்டர் அறிவிப்பைக் கண்டவுடன் போட்டியிடுவது ஒன்றுதான் வழி என்று எண்ணிவிடக் கூடாது. தன் பெயரில் நேரடியாக விலைப்புள்ளி அளிக்கலாம். டெண்டரை வென்ற பெரிய விளம்பர நிறுவனத்திடம் துணை ஒப்பந்தம் பெறலாம். துறைகளின் தயாரிப்பாளர் பட்டியலில் முதலில் இடம்பெறலாம். இன்னொரு நிறுவனத்தோடு கூட்டாகப் போட்டியிடலாம். இந்த நான்கையும் ஒரே பணியின் மீது வைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு விளங்கும்.

எடுத்துக்காட்டாக ஒரு பணியைக் கற்பனை செய்துகொள்வோம். தமிழ்நாட்டில் அலுவலகம் உள்ள ஒரு மத்திய அரசு நிறுவனம், தாய் சேய் நலம் குறித்து, தலா 3 நிமிடம் ஓடக்கூடிய 12 காணொளிகளைக் கோருகிறது. அதன் மதிப்பீடு 24 லட்சம் ரூபாய். ஒரு காணொளிக்கு எழுத்து வேலைக்கு 15,000, இரண்டு நாள் படப்பிடிப்புக்கு 70,000, படத்தொகுப்புக்கும் வரைகலைக்கும் 30,000, குரலுக்கும் இசைக்கும் 12,000, வசன வரிகளுக்கும் சைகைமொழிப் பெயர்ப்பாளருக்கும் 13,000 என்று கொண்டால் 1,40,000 ரூபாய் ஆகிறது. பன்னிரண்டுக்கும் சேர்த்து 16,80,000. திருத்தங்களுக்காக ஒரு பத்து விழுக்காட்டை ஒதுக்கினால் அடக்கச் செலவு 18,48,000. மாவட்டத்துக்கு மாவட்டம் தொகைகள் மாறலாம். ஆனால் சைகைமொழியையும் திருத்த ஒதுக்கீட்டையும் கணக்கில் சேர்க்காமல் விலை சொல்பவர் பின்னால் அவற்றைத் தன் கைப்பணத்திலிருந்துதான் ஈடுகட்ட வேண்டியிருக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 ஒலி, ஒளி ஊடக உள்ளடக்கம் அவர்களுக்கு எட்டும் வடிவில் இருக்க வேண்டும் என்று அரசைப் பணிக்கிறது. இந்தச் செலவை விருப்பச் செலவாக நினைப்பது சரியன்று.

இப்படிப்பட்ட நிறுவனம் 22 லட்சம் ரூபாயை வரி நீங்கலாக விலையாகக் குறிப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 25,96,000. எல்லாம் சரியாக நடந்தால் மிஞ்சுவது 3,52,000 ரூபாய்.

நேரடிப் போட்டி

முதல் தடை தகுதி நிபந்தனை. பொறியியல் பணிகளுக்காக மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002-இல் வகுத்த ஒரு வழிகாட்டுதல், இப்போது வேறு வகை டெண்டர்களிலும் பரவலாகக் காணப்படுகிறது. மதிப்பீட்டில் 80 விழுக்காடு அளவுக்கு ஒரு பணி, அல்லது 50 விழுக்காடு அளவுக்கு இரண்டு, அல்லது 40 விழுக்காடு அளவுக்கு மூன்று பணிகளை முன்பே முடித்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நமது எடுத்துக்காட்டில், குறைந்தது 9,60,000 ரூபாய் மதிப்புள்ள ஒத்த தன்மையுடைய மூன்று பணிகளுக்கு நிறைவுச் சான்றிதழ் வேண்டும். 'ஒத்த தன்மை' என்பதை அரசுக்காகச் செய்த பணி என்று சில துறைகள் சுருக்கிவிடுகின்றன. சில துறைகள் தனியார் பணியையும் ஏற்கின்றன. திருமண ஆல்பங்களும் யூடியூப் சேனல்களும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த இடத்தில் உதவா. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கும் தொடக்க நிறுவனங்களுக்கும் அனுபவம், விற்றுமுதல் ஆகியவற்றில் தளர்வு அளிக்க மத்திய அரசின் விதிமுறைகள் இடம் தருகின்றன. ஆனால் அந்தத் தளர்வு ஒவ்வொரு டெண்டருக்கும் தானாக வந்து சேராது. ஆவணத்தில் எழுதப்பட்டுள்ளதா என்று பார்த்தாக வேண்டும்.

விலைப்புள்ளியோடு கட்டும் முன்வைப்புத் தொகையைப் பொறுத்தவரை நிலைமை எளிதாக இருக்கிறது. பொது நிதி விதிகள் 2017-இன்படி மதிப்பீட்டில் 2 முதல் 5 விழுக்காடு வரை கோரலாம். கொள்முதல் கொள்கையின் கீழ் வரும் குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் டெண்டரை வென்ற பிறகு கட்ட வேண்டிய செயல்திறன் பிணைத் தொகைக்கு இந்த விலக்கு பொருந்தாது. அதை 5 விழுக்காடு என்று கொண்டால், 1,10,000 ரூபாய் வங்கி உத்தரவாதமாகவோ வைப்புத் தொகையாகவோ பணி முடிந்து பொறுப்புக்காலமும் கழியும்வரை முடங்கிக் கிடக்கும். மூன்றாம் வகை டிஜிட்டல் கையொப்பம் பெறுவதும், இணையதளத்தில் பதிவு செய்வதும் ஒருமுறை செய்யும் வேலைகள். மத்திய அரசின் பணிகள் பெரும்பாலும் 2016-இல் தொடங்கப்பட்ட ஜெம் என்னும் அரசு மின்சந்தைத் தளத்திலும் மத்தியக் கொள்முதல் தளத்திலும் வருகின்றன. தமிழ்நாடு அரசின் டெண்டர்களுக்குத் தனித் தளம் உண்டு. ஜெம் தளத்தில் பொது நிபந்தனைகளை மட்டும் படித்துவிட்டு விலையிடுவது ஆபத்தானது. பணம் எத்தனை தவணையில், எந்தக் கட்டத்தில் வரும் என்பது பெரும்பாலும் வாங்கும் துறை இணைக்கும் கூடுதல் நிபந்தனைகள் அடங்கிய கோப்பில்தான் இருக்கும்.

இதற்கு மேல் வருவதுதான் முடிவைத் தீர்மானிக்கும் பகுதி: மதிப்பீட்டு முறை. தொழில்நுட்ப விவரங்களையும் விலையையும் தனித்தனியே பெறும் இரு உறை முறையில், தொழில்நுட்ப உறையில் தேறியவர்களில் மிகக் குறைந்த விலை சொன்னவருக்கே பணி என்றால், தரம் என்பது வாசலைத் தாண்டுவதற்கான சீட்டு மட்டுமே. உள்ளே நுழைந்த பிறகு அதற்கு மதிப்பில்லை. போட்டியாளர் ஒருவர் 17 லட்சத்துக்கு விலையிட்டால் அவரே எல்1, அதாவது மிகக் குறைந்த விலை சொன்னவர். இத்தகைய நேரத்தில் குறு, சிறு நிறுவனங்களுக்கான கொள்முதல் கொள்கை 2012 துணைநிற்கும் என்று பலர் நம்புகின்றனர். எல்1 பெரிய நிறுவனமாக இருந்து, சிறு நிறுவனத்தின் விலை அதைவிட 15 விழுக்காட்டுக்குள் இருந்தால், எல்1 விலைக்கு இறங்கி வரும் வாய்ப்பு அதற்குக் கிடைக்கும் என்பது அந்தக் கொள்கையின் ஏற்பாடு. கணக்கிட்டுப் பார்த்தால், 17 லட்சத்துக்கு மேல் 15 விழுக்காடு என்பது 19,55,000. நமது 22 லட்சம் அதற்கு வெளியே நிற்கிறது. உள்ளே வந்திருந்தாலும், அடக்கச் செலவே 18,48,000 ஆக இருக்கும்போது 17 லட்சத்துக்கு இறங்குவது நட்டத்தைக் கேட்டு வாங்குவதாகும்.

தரத்துக்கும் விலைக்கும் சேர்த்து மதிப்பெண் தரும் முறை என்றால் நிலைமை மாறுமா? அது எந்த விகிதத்தில் என்பதைப் பொறுத்தது. நமது நிறுவனம் தொழில்நுட்பத்தில் 90 மதிப்பெண்ணும், 17 லட்சம் சொன்ன போட்டியாளர் 70 மதிப்பெண்ணும் பெற்றதாகக் கொள்வோம். விலைக்கான மதிப்பெண், மிகக் குறைந்த விலையை நம் விலையால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைக்கும்: அவருக்கு 100, நமக்கு 77.27. தரத்துக்கு 70, விலைக்கு 30 என்ற விகிதத்தில் நமது மொத்தம் 86.18, அவருடையது 79. நாம் வெல்கிறோம். அதையே திருப்பி, தரத்துக்கு 30, விலைக்கு 70 என்றால் நமது மொத்தம் 81.09, அவருடையது 91. அந்த விகிதத்தில் அவரை முந்த வேண்டுமானால் நமது விலை ஏறத்தாழ 18,59,000 ரூபாய்க்குக் கீழே இறங்க வேண்டும். அடக்கச் செலவுக்கு மேல் மிஞ்சுவது ஏறத்தாழ பதினோராயிரம் ரூபாய்தான்.

இந்த இரண்டு விகிதங்களும் கற்பனையில் எழுதப்பட்டவை அல்ல. மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட கொள்முதல் அறிவுறுத்தல்கள், ஆலோசனை அல்லாத சேவைகளில் தரத்துக்கு மதிப்பெண் தரும் முறையை நிபந்தனைகளுடன் அனுமதித்தாலும், தரத்தின் பங்கு 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்துள்ளன. ஆலோசனைச் சேவை என்று வகைப்படுத்தப்பட்டால் தரத்துக்கு 80 விழுக்காடு வரை செல்ல விதிகள் இடம் தருகின்றன. ஆகவே, வெறும் காணொளித் தயாரிப்பு என்று வரும் டெண்டரிலும், தகவல்தொடர்பு உத்தி, ஆய்வு, கதைக்கரு உருவாக்கம், காணொளி எல்லாம் சேர்ந்த ஆலோசனைப் பணி என்று வரும் டெண்டரிலும் ஒரே நிறுவனத்தின் வெற்றி வாய்ப்பு முற்றிலும் வேறுபடுகிறது. மதிப்பீட்டு முறை எழுதப்பட்ட பக்கத்தைத்தான் முதலில் திறக்க வேண்டும். அழகான கதைப்பலகை வரைவதற்கு மூன்று நாள் செலவிட்ட பிறகு அந்தப் பக்கத்துக்கு வருவதில் பயனில்லை.

குறைந்த விலைக்கே பணி தரும் முறையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. சாலை போடும் பணிக்கு அளவும் தரமும் முன்கூட்டியே எழுதிவிடலாம். பிரசவத்துக்குப் பிந்தைய ஆபத்து அறிகுறிகளை முதன்முறையாகத் தாயாகும் ஒரு பெண்ணுக்குப் பதற்றமின்றி விளங்கவைப்பது எப்படி என்பதை எந்த அளவு அட்டவணையிலும் எழுத முடியாது. அடிமாட்டு விலைக்கு எடுக்கப்பட்ட பணியில் முதலில் குறைவது படப்பிடிப்பு நாட்கள். அடுத்தது கள ஆய்வு. கடைசியில் இணையத்தில் வாங்கிய பொதுக் காட்சிகளின் மேல் ஒரு குரலை ஓடவிட்டு முடித்துவிடுகிறார்கள். அதைப் பார்த்து யாரும் தன் நடைமுறையை மாற்றிக்கொள்வதில்லை. துறைக்கும் அதனால் நன்மை இல்லை.

பணம் எப்போது வரும்

டெண்டரை வென்ற பிறகு சிறு நிறுவனத்தை அசைத்துப் பார்ப்பது பணப்புழக்கம். கதைவசனம் ஒப்புதலானதும் 20 விழுக்காடு, முதல் தொகுப்பு காட்டியதும் 30, இறுதி ஏற்பு கிடைத்ததும் 50 என்று தவணை இருப்பதாகக் கொள்வோம். முன்பணம் கிடையாது. கடைசித் தவணைக்கு 11 லட்சத்துக்கு விலைப்பட்டியல் எழுதியவுடன் அதற்கான ஜிஎஸ்டி 1,98,000 ரூபாய்ப் பொறுப்பு நமதாகிறது. துறை பணம் தந்ததா இல்லையா என்பதைப் பாராமல், மாதக் கணக்குத் தாக்கல் செய்பவர் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பணம் வரும்போது 2 விழுக்காடு ஜிஎஸ்டி பிடித்தமும், கூட்டாண்மை நிறுவனமோ கம்பெனியோ என்றால் 2 விழுக்காடு வருமான வரிப் பிடித்தமும் போக, எஞ்சியதே கைக்கு வரும். பிடித்தம் பின்னால் கணக்கில் சேரும் என்றாலும் அந்த நேரத்துக்குக் கையில் இல்லை.

கடைசித் தவணை ஐந்து மாதம் தாமதமானால் என்ன ஆகும்? அதுவரை செய்த செலவில் பாதியும் கட்டிய வரியும் சேர்த்து ஏறத்தாழ 11,22,000 ரூபாய் முடங்கியிருக்கும். மாதம் ஒரு விழுக்காடு வட்டிக்கு வாங்கிச் சமாளித்தால் 56,000 ரூபாய் வட்டியாகப் போகும். எதிர்பார்த்த லாபத்தில் ஆறில் ஒரு பங்கு அது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் (எம்எஸ்எம்இடி) 2006, குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் தர அதிகபட்சம் 45 நாள் என்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி என்கிறது. அரசுத் துறையும் அச்சட்டத்தின்படி வாங்குபவரே. இதற்கான அரசு இணையதளத்தில் பதிவு செய்தால் மாநில வசதியாக்க மன்றத்துக்குப் புகார் செல்லும். சட்டம் வலுவானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அடுத்த ஆண்டும் அதே துறையிடம் பணி எதிர்பார்க்கும் ஒரு சிறு நிறுவனம், தன் கோப்பைக் கையாளும் அதிகாரி மீது மன்றத்துக்குப் போவதற்கு எவ்வளவு தயங்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது. ஆகவே, ஆறு மாதச் செலவைத் தாங்கும் சொந்தப் பணமோ வங்கியின் ஓவர்டிராஃப்ட் வசதியோ இல்லாமல் நேரடியாகப் போட்டியிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

திருத்தங்கள் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் லாபம் கரைவது பெரும்பாலும் அங்கேதான். அரசுக் காணொளியைப் பார்த்து ஒப்புதல் தருபவர் ஒருவர் அல்லர். திட்ட அலுவலர் சரி என்று சொன்ன பிறகு மருத்துவ வல்லுநர் குழு பார்க்கும். இரும்புச்சத்து மாத்திரையை எப்போது, எதோடு சேர்த்து உண்ணக் கூடாது என்ற வரியை அவர்கள் மாற்றுவார்கள். அது நியாயமான மாற்றம். அதற்குப் பிறகு மேலதிகாரி சின்னங்களின் வரிசையை மாற்றச் சொல்வார். உதவி எண் மாறியிருக்கும். குரல் கலைஞர் உதவி எண்ணை வாயால் சொல்லிப் பதிவு செய்திருந்தால், அந்த ஒரு வரிக்காக அவரை மறுபடி ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைக்க வேண்டும். பன்னிரண்டு காணொளியிலும் அதே வரி இருந்தால் பன்னிரண்டையும் மறுபடி கலந்து ஏற்றுமதி செய்ய வேண்டும். அனுபவமுள்ளவர்கள் எண்ணையும் திட்டப் பெயரையும் திரையில் மட்டும் காட்டி, 'திரையில் காணும் எண்ணை அழையுங்கள்' என்று குரலில் சொல்லவைப்பார்கள். எழுத்துகளைத் தனி அடுக்கில் வைத்திருந்தால் மாற்றம் அரை மணி நேர வேலை. பார்வைக் குறைபாடுள்ளவர்களுக்கான வடிவில் மட்டும் எண்ணைக் குரலிலும் சேர்க்க வேண்டும் என்பதால், அந்த வரியைத் தனியே பதிவு செய்து வைப்பது நல்லது.

நேரடி ஒப்பந்தத்தில் 'துறை மனநிறைவு அடையும்வரை' என்ற சொற்றொடர் இருந்தால், திருத்தத்துக்கு எல்லையே இல்லை என்று பொருள். கதைவசனக் கட்டத்தில் இரண்டு சுற்று, தொகுப்புக் கட்டத்தில் இரண்டு சுற்று, அதற்கு மேல் ஒவ்வொரு சுற்றுக்கும் தனிக் கட்டணம் என்று எழுதப்பட்டிருந்தால் நமது பத்து விழுக்காட்டு ஒதுக்கீடு போதும். இல்லையென்றால் போதாது.

துணை ஒப்பந்தம்

சென்னையிலோ டெல்லியிலோ உள்ள விளம்பர நிறுவனம் அதே பணியை வென்று, எழுத்தையும் ஒப்புதல் வேலையையும் தன்னிடம் வைத்துக்கொண்டு, படப்பிடிப்பையும் தொகுப்பையும் மட்டும் நமக்குத் தருகிறது என்று கொள்வோம். காணொளிக்கு ஒரு லட்சம் என்ற கணக்கில் நமது செலவு 12 லட்சம். அவர்கள் தருவது 13,50,000. லாபம் 1,50,000. நேரடியாகச் செய்தால் கிடைப்பதில் பாதிக்கும் குறைவு என்றாலும், பிணைத் தொகை இல்லை, தகுதிச் சான்று இல்லை, துறை அலுவலகத்துக்கு நடையில்லை.

பணம் விரைவாக வருவதற்கும் இங்கே ஒரு சட்டத் துணை இருக்கிறது. குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தராத நிறுவனம், உண்மையில் பணம் தரும் ஆண்டில்தான் அச்செலவை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியும் என்ற விதி 2024-25 வருமான வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. வருமான வரி கட்டத் தேவையில்லாத அரசுத் துறையை இந்த விதி அசைக்காது. விளம்பர நிறுவனத்தின் கணக்காளரை மார்ச் மாதத்தில் நன்றாகவே அசைக்கும். உத்யம் எண்ணை ஒவ்வொரு விலைப்பட்டியலிலும் அச்சிடுவது இதற்காகத்தான்.

ஆயினும் இவ்வழியில் ஒரு பெரிய குறை உண்டு. பணி ஆணையும் நிறைவுச் சான்றிதழும் விளம்பர நிறுவனத்தின் பெயரில் இருக்கும். நாம் பத்துக் காணொளிகள் செய்து கொடுத்தாலும், அடுத்த டெண்டரில் அந்த அனுபவத்தைக் காட்டத் துறையின் தாள் எதுவும் நம்மிடம் இராது. பல டெண்டர்கள் எழுத்து மூலமான அனுமதியின்றிப் பணியை வேறொருவருக்குக் கொடுப்பதைத் தடை செய்கின்றன. அப்படியிருக்க, நாம் செய்தோம் என்று வெளியே சொல்லவும் முடியாத நிலை ஏற்படும். துணை ஒப்பந்தத்தை ஏற்பவர், துறையின் அனுமதிக் கடிதத்தில் தம் பெயர் இடம்பெற வேண்டும் என்பதை விலை பேசும்போதே கேட்டுவிட வேண்டும். கொடுக்க மறுத்தால், அந்தப் பணியை வருமானத்துக்காக மட்டும் செய்கிறோம் என்ற தெளிவோடு செய்யலாம். வளர்ச்சிக்கான படியாக அதை எண்ணக் கூடாது. பல நிறுவனங்கள் ஆண்டுக்கணக்காக அரசுப் பணி செய்தும் ஒரு சான்றிதழ்கூட இல்லாமல் நிற்பது இதனால்தான்.

பட்டியலில் இடம்பெறுதல்

மத்திய அரசின் செய்தித் தொடர்புப் பணிகளை, முன்பு தனித்தனியாக இருந்த விளம்பர, களப் பரப்புரை, இசை நாடகப் பிரிவுகள் 2017-இல் இணைக்கப்பட்டு உருவான அமைப்பே இன்று மத்திய மக்கள் தொடர்பகம் என்ற பெயரில் கவனிக்கிறது. 1948-இல் தொடங்கிய திரைப்படப் பிரிவு 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது. அரசுத் துறைகளுக்கான குறும்படங்களையும் விளம்பரப் படங்களையும் அக்கழகம் தயாரித்துக் கொடுக்கிறது. மாநில அளவில் செய்தி மக்கள் தொடர்புத் துறையும் அதன் கீழ் திரைப்படப் பிரிவும் உள்ளன. இவை போன்ற அமைப்புகளும், பல்கலைக்கழகங்களும், பொதுத்துறை நிறுவனங்களும் அவ்வப்போது தயாரிப்பாளர்களைப் பட்டியலிட விண்ணப்பம் கோருகின்றன. பட்டியலில் சேர்ந்த பிறகு சிறு பணிகளுக்குப் பட்டியலில் உள்ளவர்களிடம் மட்டும் விலை கேட்கப்படும், அல்லது முன்பே வகுத்த கட்டணத்தில் பணி ஒதுக்கப்படும்.

பட்டியலில் பெயர் இருப்பதால் பணி கிடைக்கும் என்ற உறுதி எதுவுமில்லை. இரண்டு மூன்று ஆண்டுக் காலத்தில் ஒரு பணியும் வராமல் போகலாம். கட்டணமும் சில இடங்களில் சந்தை விலையைவிடக் குறைவு. அப்படியிருந்தும், முதல் மூன்று சான்றிதழ்களைப் பெற இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பதே என் கருத்து. மூன்று லட்ச ரூபாய்ப் பணி ஒன்றில் தவறு நேர்ந்தால் நிறுவனம் பிழைத்துக்கொள்ளும். 22 லட்ச ரூபாய்ப் பணியில் அதே தவறு நேர்ந்தால் சம்பளம் கொடுக்க முடியாது. துறையின் ஒப்புதல் நடைமுறை, கோப்பு நகரும் வேகம், கணக்குப் பிரிவு கேட்கும் தாள்கள் ஆகியவற்றைச் சிறு பணியில் கற்றுக்கொள்வது மலிவானது. மேலும், பட்டியலில் உள்ள நிறுவனத்தைத் திட்ட அலுவலர்கள் நேரில் அறிந்திருப்பார்கள்; களத்தில் இறங்கி வேலை செய்பவர் யார், அலுவலகத்தில் அமர்ந்து ஒப்பேற்றுபவர் யார் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

கூட்டுப் போட்டி

சுகாதாரத் தகவல்தொடர்பில் அனுபவமுள்ள ஓர் ஆலோசனை நிறுவனத்தோடு சேர்ந்து போட்டியிட்டால், தகுதி நிபந்தனையும் தர மதிப்பெண்ணும் ஒருசேர உயரும். நிறைவுச் சான்றில் நமது பெயரும் இடம்பெறும். ஆனால் பெரும்பாலான கூட்டு ஒப்பந்தங்களில் உறுப்பினர்கள் தனித்தனியாகவும் சேர்ந்தும் பொறுப்பாவார்கள். கூட்டாளி பாதியில் விலகினால் முழுப் பணியும் நம் தலையில் விழும். தரத்துக்கு 70 விழுக்காடு மதிப்பெண் தரும் ஆலோசனை வகை டெண்டருக்கு மட்டும் இவ்வழி பொருந்தும். எல்1 டெண்டருக்கு இரண்டு நிறுவனங்களின் லாபத்தைத் தாங்கும் இடமில்லை.

எதைத் தேர்வது

நிறைவுச் சான்றிதழ் இல்லாத, ஆறு மாதச் செலவுக்குப் பணமில்லாத நிறுவனம் பட்டியல் வழியையே முதலில் நாட வேண்டும். வருமான இடைவெளியை நிரப்பத் துணை ஒப்பந்தத்தை அனுமதிக் கடிதத்தோடு ஏற்கலாம். சான்றிதழும் பணமும் உள்ள நிறுவனம், தரத்துக்குப் பாதிக்கு மேல் மதிப்பெண் தரும் டெண்டர்களில் மட்டும் நேரடியாகப் போட்டியிடட்டும். தரத்துக்கு 30 விழுக்காடு மட்டும் என்றால், போட்டியாளர்கள் யார், சென்ற முறை எந்த விலைக்குப் போனது என்பது தெரிந்த பிறகே இறங்க வேண்டும்; கடந்த டெண்டரின் விலை விவரம் இணையதளத்தின் முடிவுப் பக்கத்தில் பெரும்பாலும் கிடைக்கும். விலை மட்டுமே அளவுகோல் என்றால், அடக்கச் செலவை உண்மையாகவே குறைக்கும் ஏதேனும் ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும்: அதே மாவட்டத்தில் அலுவலகம், ஒரே படப்பிடிப்பில் மூன்று காணொளிக்கான காட்சிகளை எடுக்கும் திட்டமிடல், சொந்த ஒலிப்பதிவுக் கூடம் போன்றவை. அவை இல்லாமல் விலையைக் குறைப்பது, காணொளியைப் பார்க்கப்போகும் மக்களுக்குத் தரக்குறைவான ஒன்றைக் கொடுக்க முன்கூட்டியே ஒப்புக்கொள்வதாகும். அதை நாம் செய்யக் கூடாது.

போட்டியிட முடிவெடுத்தால், விலை உறையை நிரப்புவதற்கு முன், போட்டியாளர்களின் ஐயங்களுக்குத் துறை பதில் சொல்லும் கூட்டத்தைத் தவறவிடக் கூடாது. தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மை விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்கு விலைப்புள்ளி அளிக்கக் குறைந்தபட்சம் 15 நாள் அவகாசம் உண்டு; மத்திய அரசின் டெண்டர்களிலும் கேள்வி கேட்கும் காலம் விலைப்புள்ளி அளிக்கும் கெடுவுக்கு முன்பே முடிந்துவிடும். எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் பெற்றால் அது டெண்டர் ஆவணத்தின் பகுதியாகிவிடும். திருத்தச் சுற்றுகளுக்கு எல்லை என்ன, இறுதி ஏற்பு எத்தனை நாளில் தரப்படும், அதற்குள் பதில் வராவிட்டால் ஏற்கப்பட்டதாகக் கொள்ளலாமா என்று கேட்க வேண்டும். பதிப்புரிமையும் அவ்வாறே: பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் அரசுப் படைப்பின் முதல் உரிமையாளர் அரசே. அது முறையானதுதான், ஆனால் எடுத்த மூலக் காட்சிகள் முழுவதையும் ஒப்படைக்க வேண்டுமா, உரிமம் பெற்று வாங்கிய இசையை அரசு வேறு காணொளிகளிலும் பயன்படுத்துமா என்பவற்றுக்குத் தெளிவான விடை வேண்டும், ஏனெனில் ஒரு காணொளிக்கு வாங்கிய இசை உரிமம் பன்னிரண்டுக்குச் செல்லாது.

தேர்தல் காலத்தையும் கேட்டறிவது அவசியம். 2024 மக்களவைத் தேர்தல் மார்ச் 16 அன்று அறிவிக்கப்பட்டு, வாக்கு எண்ணிக்கை ஜூன் 4 அன்று நடந்தது. அந்த இடைப்பட்ட காலத்தில் நடத்தை விதிமுறைகளின் காரணமாக அரசின் சாதனைகளைப் பேசும் விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன, புதிய ஒப்புதல்களும் தடைப்பட்டன. முதல் தொகுப்பு மார்ச் மாதத்தில் தயாராகி, ஒப்புதல் தர வேண்டிய குழு ஜூன் வரை கூடவில்லையென்றால், பணி முடிப்புக் கெடு நீட்டிக்கப்படுமா, தாமத அபராதம் விதிக்கப்படுமா, அதுவரை முடித்த பணிக்கு இடைத்தவணை தருவார்களா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை வாங்கிய பிறகு விலையை எழுத வேண்டும். விடை எழுத்தில் வராவிட்டால், மூன்று மாத வட்டியையும் அடக்கச் செலவில் சேர்த்துக் கணக்கிட்டு, அப்போதும் அந்த விலை போட்டியில் நிற்குமா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.